மாஸ்டரின் குழல் மினுங்கிய நாள்

உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு, ஊர்க்கதை அறிகிற ஆசை? போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியது அடையை விட்டு எழும்ப மறுத்த என் கோழியைப் பற்றி. அதில் போகிற போக்கில், "கயித்தான் மாஸ்டரின் செத்தவீட்டுக்கு அடுத்த நாள்" என்று ஒரு சொல் விழுந்துவிட்டது. கோழிக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் செத்தவீடுதான் வேண்டியிருக்கிறது.

புளியங்குளத்திலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார்.

"அம்மா, மாஸ்டரின்ர பெட்டிக்கு ஊதினது என்ன பாட்டு? அதின்ர சுரம் எழுதி வைச்சிருக்கிறியளோ?"

"உமக்கேன் தம்பி அது?"

"எங்கட கோயில் பாண்டுக்கு வேணும். இப்ப எல்லாரும் அதைத்தான் ஊதச் சொல்லிக் கேக்கினம்."

"சாகப் போறவை கேக்கட்டும், நீர் போனை வையும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பாட்டின் உண்மை தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவள் வாய் திறக்க மாட்டாள்.

எங்கள் கரைக்கு இந்தப் பத்திரிகை வாசிக்க வருவதைவிட மீன் சுற்ற வருவதுதான் அதிகம். அந்தத் துணிவில் சொல்கிறேன். வாசித்த கையோடு நீங்களும் மீனைச் சுற்றிவிடுங்கள்.

இறால் கழுவும் சட்டி

அன்று அடக்கம் பின்னேரம் நாலு மணிக்கு. காலையில், பக்கத்து வளவில் மாஸ்டரின் வீடு நிறையச் சனம் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. நான் என் குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து, மாஸ்டரின் ட்ரம்பெட்டை இறால் கழுவும் பெரிய சட்டிக்குள் தாழ்த்திக்கொண்டிருந்தேன். சட்டி நிறையப் புளித் தண்ணீர்.

குழல் தாழ மறுத்தது. வாயால் குமிழி குமிழியாக விட்டது, ஏதோ சொல்ல வருவது போல. "பேசாமல் இரும்" என்று சொல்லி, அம்மிக் குழவியை அதன் மேல் மெதுவாகச் சாத்தி வைத்தேன்.

பித்தளையை மினுக்குவதில் என்னை வெல்ல எங்கள் கோயில் பங்கில் ஆள் கிடையாது. கோயில் திருநாள் என்றால் பீடத்து மெழுகுதிரிக் கால்கள் பன்னிரண்டும் என் வளவுக்குத்தான் வரும். புளியில் ஊறப் போட்டு, அடுப்புச் சாம்பலைத் தும்பில் தொட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தால், சுவாமியார் பூசை வைக்கும்போது கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு கால்களும் மினுங்கும் கோயிலில், மாஸ்டரின் குழல் மட்டும் கேத்திலின் அடியைப் போலக் கறுத்துக் கிடக்கும். அது எனக்கு எத்தனையோ வருடத்து எரிச்சல்.

"மச்சான், அதை ஒருக்கா இஞ்ச தாரும். மினுக்கித் தாறன்."

"மச்சாள், நீர் உம்மட அடுப்பைப் பாரும். குழல் கேக்கிறதுக்கு, பாக்கிறதுக்கில்லை."

"பாக்கிற எங்களுக்குக் கண் நோகுது."

"அப்ப நான் செத்தாப் பிறகு மினுக்கும்."

"மினுக்காமல் உம்மை அனுப்ப மாட்டன், பாரும்."

வேலிக்கு மேலால் இந்தக் கதை எத்தனை தரம் நடந்தது என்று எனக்கே தெரியாது. ஆகவே அன்று நான் செய்தது களவில்லை. கொடுத்த வாக்கு.

வேண்டாம் என்ற கதை

கயித்தான் மாஸ்டர் எனக்கு மாமன் மகன். முறை மச்சான். ஒரு காலத்தில் அவருடைய தாய் வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு என்னைக் கேட்டு வந்தவர். நான் குசினிக்குள் இருந்தபடி மாட்டேன் என்று விட்டேன்.

"ஏனடி மாட்டன் எண்டுறாய்?" என்று அம்மா கேட்டார்.

"ஊதி முடிச்சவுடன குழலைக் கவிட்டு எச்சில் ஊத்துறார் அம்மா. கலியாணம் கட்டினா அந்த முற்றத்தை ஆர் கூட்டுறது?"

இது மாஸ்டரின் காதுக்குப் போய்விட்டது. அது எச்சில் இல்லை, மூச்சு குளிர்ந்து தண்ணீராவது என்று எனக்கு விளங்கப்படுத்த அவர் சாகும் வரை முயன்றார். விளங்கியது. விளங்கினது போலக் காட்டவில்லை.

பிறகு அவர் என் கூட்டாளி திரேசம்மாவைக் கட்டினார். நான் கடலுக்குப் போகிற ஒருவரைக் கட்டினேன். ஆனால் அவர் வீடு கட்டியது என் வேலிக்கு அடுத்த பக்கம். சனி விட்டாலும் சத்தம் விடவில்லை.

பழி வாங்க எனக்கு ஒரு திருநாள் கிடைத்தது. புனிதரின் சுருவம் ஊர்வலமாகச் சுற்றி வரும்போது, பாண்டுக்கு நேரே முன்னால் நின்று, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு புளிமாங்காயைக் கடித்தேன். மாஸ்டரின் வாயில் தண்ணீர் ஊறி, உதடு வழுக்கி, பாட்டு நடுவழியில் வாத்துக் கத்தியது போல நின்றுவிட்டது. ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. புளிக்கும் அந்தக் குழலுக்கும் இருந்த பகை அன்றைக்கே தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

நாக்கில் மீன் செதில்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கோயில் பாண்டுக்கும் அவர்தான் மாஸ்டர். பாடம் நடப்பது அவருடைய முற்றத்து வேம்பின் கீழ், விடிந்தும் விடியாததுமாக. முதல் மாதம் குழலே கிடையாது. என் வீட்டுக்கு வந்து மீன் செதில் வாங்கிப் போவார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு செதிலை நாக்கு நுனியில் வைத்து, "தூ" என்று தூரத் துப்ப வேண்டும். அப்படித்தான் சுரம் வெட்டென்று விழுமாம். அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையால் நடந்து போனால் கன்னத்தில் செதில் ஒட்டாமல் வீடு சேர முடியாது.

அதற்குப் பிறகு குழலைக் கொடுப்பார். கொடுத்தாலும், அதிலே விரலால் அமுக்குகிற மூன்று கட்டைகளையும் ஒரு வருடத்துக்குத் தொட விடமாட்டார். "கட்டையைத் தொடாத, மூச்சைப் பார்" என்பார். கட்டையை அமுக்காமல் ஊதினால் அந்தக் குழலில் நாலைந்து சுரம்தான் வரும். அந்தச் சுரங்களையே மேலும் கீழும் அடுக்கி ஒரு பாடம் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் அதே பாடம். ஒவ்வொரு பிள்ளையும் அதே பாடம். குதிரை ஓடுகிற வேகத்தில், ஆளுக்கொரு இடத்தில் பிழை விட்டபடி.

கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்து, அந்தப் பாடத்துக்கு நானே சொல் கட்டினேன். முற்றம் கூட்டிக்கொண்டே வேலிக்கு மேலால் பாடுவேன்:

"போதும் மச்சான், போதும்,
போய்ப் படு மச்சான், படு."

சுரத்துக்குச் சொல் அச்சொட்டாகப் பொருந்தும். பிள்ளைகள் குழலுக்குள் சிரித்துவிடுவார்கள். அதில் மோசமாகச் சிரிக்கிறவள் மெற்றில்டா. எங்கள் கரையில் சுருவத்துக்கு முன்னால் ட்ரம்பெட் ஊதிப் போன முதல் பெண் பிள்ளை அவள்தான். இப்போது மாங்குளத்தில் ஆஸ்பத்திரித் தாதி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

ஊதாமல் போனவர்கள்

எங்கள் ஊரில் யார் செத்தாலும் மாஸ்டர்தான் ஊதி அனுப்புவார். சேமக்காலையில் பெட்டி இறங்கும்போது அந்தப் பிரியாவிடைப் பாட்டை அவர் எடுத்தால், செத்தவரோடு பத்து வருடம் கதைக்காதவனும் அழுவான். என் புருஷனை ஊதி அனுப்பினவரும் அவர்தான்.

சண்டையில் இடம்பெயர்ந்து போன அந்தக் கடைசி வருடத்தில் மட்டும் அவரால் ஒருவருக்கும் ஊத முடியவில்லை. குழலைத் திரேசம்மாவின் சேலையில் சுற்றி, அரிசிச் சாக்குக்குள் வைத்துக் கொண்டு போனார். வழியில் திரேசம்மா போய்விட்டாள். சேலையை உருவி அவளைப் போர்த்தினோம். குழல் கையில் இருந்தது. ஊத நேரம் இருக்கவில்லை.

அதைப் பற்றி மாஸ்டர் என்னோடு கதைத்தது ஒரே ஒரு தரம். முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலின் முன்னால் இருந்து குழலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என் தையல் மெசின் எண்ணெய்தான். அவராக வாங்கினதாகச் சரித்திரம் இல்லை.

"மச்சாள், என்னை ஊதாமல் விட்டிடாதேங்கோ."

"நீர் செத்தா ஆர் ஊதுறது?"

"மெற்றில்டா ஊதுவாள். இந்தக் குழலாலதான் ஊதவேணும். நீர்தான் பாத்துக் கொள்ளவேணும்."

எப்போதும் என்னை நீர் என்கிற மனுஷன், முதல் சொல்லில், நீங்கள் போட்டு, "விட்டிடாதேங்கோ" என்றுவிட்டார். பகிடி விட வாய் வரவில்லை. ஓம் என்றேன்.

புளி மட்டுமோ?

இப்போது விளங்கும், அந்தக் காலை நான் ஏன் அவ்வளவு பாடுபட்டேன் என்று. புளியில் அரை மணித்தியாலம் ஊறிய குழலைச் சாம்பல் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். கட்டைகளின் இடுக்கெல்லாம் தும்பைத் திணித்துத் தேய்த்தேன். அலசி வேலியில் கொழுவியபோது காகம் ஒன்று பயந்து பறந்தது. அப்படி ஒரு மினுக்கம்.

மத்தியானம் பஸ்ஸில் மெற்றில்டா வந்து இறங்கினாள். மாஸ்டரின் காலைத் தொட்டு அழுதுவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"மாமி, குழல் எங்க? ஒருக்கா ஊதிப் பாக்கவேணும். நான் தொட்டு நாலு வருஷம்."

"இந்தா பிள்ளை. எப்பிடி மினுங்குது பார்."

வாங்கினாள். விரலை வைத்தாள். முதல் கட்டை கறகற என்று இறங்கிப் போய் அங்கேயே இருந்துவிட்டது. மூன்றாவதும் அப்படித்தான். நடுக்கட்டை அசையவே இல்லை.

"மாமி, இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. கொஞ்சம் புளி."

"புளி மட்டுமோ?"

"சாம்பலும்."

"உள்ளுக்கையும் போட்டனீங்களோ?"

"மெழுகுதிரிக் காலுக்கு உள்ளுக்கும்தானே தேய்க்கிறனான்."

மெற்றில்டா அப்படியே விறகுக் குற்றியில் இருந்துவிட்டாள். முகத்தைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனால் சிரிக்கிறாள். சிரிப்பு முடிந்த பிறகுதான் அழுதாள்.

தையல் மெசின் எண்ணெயைக் கொண்டு வந்து விட்டேன். சாம்பலும் எண்ணெயும் குழைந்து இன்னும் இறுகியது. பள்ளிக்கூடத்து ட்ரம்பெட் அலுமாரிக்குள், விடுமுறை என்றபடியால் அலுமாரிப் பூட்டின் திறப்பு அதிபரோடு வவுனியாவில். வேறு பங்கில் கேட்டு எடுத்துவர நேரம் போதாது. ஊரையே ஊதி அனுப்பின மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் புளியில் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

"மாஸ்டர் இருந்தா என்னை என்ன சொல்லுவார், பிள்ளை?"

மெற்றில்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்களை என்ன சொல்லுவாரோ தெரியாது. எனக்கெண்டா, கட்டையைத் தொடாத, மூச்சைப் பார் எண்டுவார்" என்றாள்.

சொன்ன வாய் அப்படியே நின்றது. குழலைத் திரும்பப் பார்த்தாள். இறங்கிப் போய் இருந்த இரண்டு கட்டைகளையும் நகத்தால் கிளப்பி மேலே விட்டாள்.

"மாமி, மவுத்பீஸ் எங்க? கெதியா."

பெட்டிக்குள் கை வைத்தது

மவுத்பீஸ் என்பது உதட்டில் வைத்து ஊதுகிற சின்னக் கிண்ணம். கழற்றிப் பூட்டலாம். மாஸ்டர் அதை எந்நேரமும் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். அவரை உடுத்தினவர்களும் அந்த நினைவில் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்கள். சட்டை பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைச் சுற்றி அறுபது பேர் இருந்தார்கள்.

கேட்டு எடுக்கலாம்தான். கேட்டால், குழலைக் கொண்டு வா, சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று நாலு பேர் எழும்புவார்கள். ஆகவே நான் உள்ளே போனேன். வாசலிலேயே குரல் எடுத்தேன். "என்ர மச்சான், என்னை விட்டிட்டுப் போட்டியே" என்று ஓடிப் போய் அவருடைய நெஞ்சில் விழுந்தேன். செபமாலை நின்றது. இரண்டு பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். நான் நெஞ்சில் அடித்து அடித்துச் சட்டைப் பையைத் தேடினேன். அகப்பட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைக்கிற மாதிரி அதைச் சுற்றி எடுத்தேன்.

எழும்பும்போது மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். திருநாளில் மாங்காய் கடித்த அன்று என்னைப் பார்த்த அதே முகம். அதற்குப் பிறகு நான் அழுதது களவுக்கில்லை.

சேமக்காலை

சுவாமியார் தீர்த்தம் தெளித்து முடித்தார். மேளம் நின்றது. மெற்றில்டா வெள்ளைச் சேலையோடு முன்னால் வந்து குழலை உயர்த்தினாள். மேற்கு வெயில் அதில் பட்டு, சுற்றி நின்ற சனத்தின் முகத்திலெல்லாம் தெறித்தது. சுவாமியார் கண்ணைச் சுருக்கினார்.

பிரியாவிடைப் பாட்டு வரும் என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அது வரவில்லை. ஒரு சுரம் வந்தது, நீளமாக. அது கடல் பக்கம் போய் முடிந்த பிறகு அடுத்தது. மெற்றில்டாவின் விரல்கள் கட்டைகளின் மேல் அசையாமல் கிடந்தன. நாலே நாலு சுரம், மேலே ஏறி, கீழே இறங்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மூச்சு.

அந்தச் சனத்தில் பாதிப் பேர் அதை விடியற் காலையில் ஆயிரம் தரம் கேட்டவர்கள். குதிரை ஓட்டமாகக் கேட்டவர்களுக்கு, நடந்து வந்தபோது ஆளை அடையாளம் தெரியவில்லை. எனக்கு மட்டும் அதில் சொல் கேட்டது.

போதும் மச்சான், போதும். போய்ப் படு மச்சான், படு.

எனக்குச் சிரிப்பு வந்தது. தலைப்பால் வாயைப் பொத்தினேன். பெட்டி கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தரம் அவள் அதையே ஊதியபோது சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. வேலிக்கு மேலால் எத்தனையோ வருடம் கத்தினதை, அன்றைக்குத்தான் அந்த மனுஷன் கேட்டார்.

குழலைப் பிறகு மெற்றில்டா யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய்க் கழற்றிக் கழுவக் கொடுத்தாள். திருத்தினவர் உள்ளே இருந்து வந்த சாம்பலைப் பார்த்து, "தங்கச்சி, இதை வைச்சுச் சமைச்சனீங்களோ?" என்று கேட்டாராம். இப்போது மூன்று கட்டையும் எண்ணெய் போல ஓடுகிறது. இருந்தும் செத்தவீடுகளில் அவள் விரலை அசைப்பதில்லை. சனம் விடாது. புளியங்குளத்துத் தம்பி, சுரம் எழுதின கடதாசி என்னிடம் இல்லை. உமது பாண்டில் ஊதப் பழகுகிற ஆகச் சின்னப் பிள்ளையிடம் கேளும், கட்டை தொடாத முதல் பாடத்தை ஊதிக் காட்டும். அதை ஆறுதலாக, ஒவ்வொரு சுரமாக இழுத்து ஊதினால் அதுதான்.

எட்டாம் நாள்

எட்டாம் நாள் பூசை முடிந்து, அயலட்டைப் பெண்கள் என் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். மற்றப் பக்கத்து வளவு றோசலின் கோப்பையை வைத்துவிட்டுத் தொடங்கினாள்.

"அக்கா, மெற்றில்டா ஊதினது என்ன பாட்டு? நான் முந்திக் கேட்டதில்லை."

"இப்பிடிக் கேட்டிருக்க மாட்டாய். மாஸ்டர் தானே செய்து வைச்சது."

"விரலே அசையேல்லை, கவனிச்சனீங்களே?"

"ஓம். விரலை ஆட்டக் கூடாது எண்டுதான் மாஸ்டரின்ர கட்டளை."

ஒன்றிலும் பொய் இல்லை. எண்ணிப் பாருங்கள்.

"நீங்கள் பெட்டியில விழுந்து அழுததைப் பாத்து என்ர மனுஷனும் அழுதிட்டார், அக்கா."

"அழத்தானே வேணும்."

றோசலின் என் குசினிப் பக்கம் பார்த்தாள். இறால் சட்டி அங்கே கவிழ்த்துக் கிடந்தது, உள்ளே வெளியே எல்லாம் புதுச் சட்டி போல வெளுத்து.

"அது சரி அக்கா, அந்தக் குழல் எப்பவும் கறுத்தெல்லோ கிடக்கும். அண்டைக்கு அப்பிடி மினுங்கிச்சுதே. ஆர் மினுக்கினது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தேன்.

"அவர்தான், சாகிறதுக்கு முதல் நாள். கடைசியில எண்டாலும் என்ர சொல்லைக் கேட்டிட்டுப் போனார்."